ப்ளுஸ்-கெ-பார்ஃபே: பிரெஞ்சு வினையைத் திரிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பியிருந்தது. முடிந்துபோன ஒன்றுக்கும் முன்பே முடிந்துவிட்ட இந்தச் செயலைச் சொல்லப் பிரெஞ்சில் உள்ள காலம்தான் ப்ளுஸ்-கெ-பார்ஃபே: 'லெ த்ரேன் எத்தே பார்த்தி'. அமைப்பு எளிது. அவ்வார் (உடைமை) அல்லது எத்ர் (இருத்தல்) என்ற துணைவினையை, தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இறந்தகாலமான அம்பார்ஃபேயில் வைத்து, அதற்குப் பின் முக்கிய வினையின் இறந்தகால எச்சமான பார்த்திசிப் பாஸே வடிவத்தைச் சேர்க்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இந்தத் துணைவினையில்தான் தொடங்குகின்றன.

முடிந்த செயலைச் சொல்லும் சாதாரண இறந்தகாலமான பாஸே கொம்போஸே எழுதிப் பழகிய கை, 'ஜாவே மான்ஜே' எழுத வேண்டிய இடத்தில் 'ஜே மான்ஜே' என்று எழுதிவிடும். நூ (நாம்) வடிவத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'நூ ஸாவோன் மான்ஜே' என்றால் சாப்பிட்டோம். 'நூ ஸாவியோன் மான்ஜே' என்றால் சாப்பிட்டிருந்தோம். நடுவில் இருக்கும் ஒரேயொரு ஐ (i) எழுத்து விட்டுப்போனால் காலமே மாறிவிடும். வூ (நீங்கள்) வடிவத்திலும் இதே கதைதான்.

அடுத்தது, இரண்டில் எந்தத் துணைவினை என்பது. தமிழில் சாப்பிட்டிருந்தேன், போயிருந்தேன் என எல்லாவற்றுக்கும் 'இரு' ஒன்றே போதும். பிரெஞ்சில் பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார் வரும். ஆலே (போதல்), வெனீர் (வருதல்), ஆரிவே (வந்துசேர்தல்), பார்த்தீர் (கிளம்புதல்), நேத்ர் (பிறத்தல்), மூரீர் (இறத்தல்), ரெஸ்தே (தங்குதல்), தோம்பே (விழுதல்) போன்ற ஒரு சிறு கூட்டத்துக்கும், 'தன்னை' என்ற பொருள் தரும் 'செ' சேர்ந்த எல்லா வினைகளுக்கும் எத்ர் வரும். 'நகர்வைக் குறித்தால் எத்ர்' என்று குறுக்குவழியில் மனப்பாடம் செய்வது ஆபத்து. கூரீர் (ஓடுதல்), மார்ஷே (நடத்தல்), வொயாஜே (பயணம் செய்தல்) மூன்றும் நகர்வுதான், மூன்றுக்கும் அவ்வார்தான். எத்ர் வினைக்கே துணை அவ்வார் என்பதையும் மறக்கக் கூடாது: 'ஜாவே எதே'தான் சரி, 'ஜெத்தே எதே' தவறு.

மோந்தே (ஏறுதல்), தெஸாந்த்ர் (இறங்குதல்), சோர்த்தீர் (வெளியேறுதல்), ராந்த்ரே (வீடு திரும்புதல்), ரெதூர்னே (திரும்பிப் போதல்), பாஸே (கடத்தல்) ஆகிய ஆறும் இரு பக்கமும் போகும். அவள் கீழே இறங்கியிருந்தாள் என்றால் 'எல் எத்தே தெஸாந்து'. பெட்டியை இறக்கியிருந்தாள் என்றால் 'எல் ஆவே தெஸாந்து லா வலீஸ்'. எதை என்ற கேள்விக்குப் பதிலாக நேரடிச் செயப்படுபொருள் இருந்தால் துணை அவ்வாருக்கு மாறிவிடும்.

அதிகம் குழப்புவது பார்த்திசிப்பின் பால், எண் இசைவு. எத்ர் வந்தால் எழுவாயோடு இசைய வேண்டும். 'எல் எத்தே பார்த்தி' (அவள் கிளம்பியிருந்தாள்) என்பதில் காதுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் எழுதும்போது இறுதியில் ஓர் ஈ (e) வேண்டும்; பலர் என்றால் எஸ் (s). அவ்வார் வந்தால் எழுவாயைப் பார்க்கவே கூடாது. நேரடிச் செயப்படுபொருள் முன்னால் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 'ஜாவே எக்ரீ லா லெத்ர்' (கடிதத்தை எழுதியிருந்தேன்): கடிதம் பின்னால் வருகிறது, மாற்றமில்லை. 'லா லெத்ர் கெ ஜாவே எக்ரீத்' (நான் எழுதியிருந்த கடிதம்): கடிதம் முன்னால் வந்துவிட்டது, அது பெண்பால், எனவே இறுதியில் ஈ சேர்கிறது. இங்கே உச்சரிப்பும் மாறுவதால் இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

'செ' வினைகளில் ஒரு பொறி இருக்கிறது. 'எல் செத்தே லாவே' என்றால் குளித்திருந்தாள், ஈ சேரும். 'எல் செத்தே லாவே லே மேன்' என்றால் கைகழுவியிருந்தாள். கைகள்தான் செயப்படுபொருள், அவை பின்னால் இருக்கின்றன, எனவே ஈ சேராது.

ஒலியை நம்பி 'ஜாவே மான்ஜே'யின் முடிவில் ஈ-ஆர் (er) போடுவதும் அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் வந்தால் அதே இடத்தில் வான்த்ர் (விற்றல்) வினையை வைத்துப் பாருங்கள். 'வான்து' பொருந்தினால் அது பார்த்திசிப். மேற்குறி இட்ட ஈதான் (é) வேண்டும்.

எதிர்மறையில் 'ந', 'பா' இரண்டும் துணைவினையைத்தான் இருபுறமும் அணைக்கும்: 'ஜெ நாவே பா கோம்ப்ரீ' (எனக்குப் புரிந்திருக்கவில்லை). தேஜாவும் (ஏற்கெனவே) துணைவினைக்கு அடுத்துதான். ஆனால் பெர்சோன் (யாரையும்) பார்த்திசிப்புக்குப் பின்னால் போகும்.

வடிவம் சரியாக இருந்தும் இடம் தவறலாம். 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். இதில் பின்னால் நடந்த வேறு செயல் எதுவும் இல்லை, எனவே பிரெஞ்சில் பாஸே கொம்போஸேதான்: 'ஜெ ஸ்வி ஸாலே'. 'நான் அழைத்தபோது அவர் மதுரைக்குப் போயிருந்தார்' என்றால்தான் ப்ளுஸ்-கெ-பார்ஃபே. ஆங்கில வழியில் படித்தவர்கள் தெபுயி (இவ்வளவு காலமாக) வரும் வாக்கியத்திலும் ப்ளுஸ்-கெ-பார்ஃபேயைக் கொண்டுவருகிறார்கள். அப்போது இரண்டு வருடமாக அங்கே வசித்துவந்தேன் என்று சொல்ல அம்பார்ஃபே போதும்: 'ஜாபித்தே லா தெபுயி தெ ஸான்'. வசிப்பது அப்போதும் தொடர்ந்ததே காரணம்.

'சி' (ஆல்) வரும் நிபந்தனை வாக்கியத்தில் நம் மொழி கைகொடுக்கிறது. 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்': இருந்தால் வரும் பாதிக்கு ப்ளுஸ்-கெ-பார்ஃபே, இருப்பேன் வரும் பாதிக்கு கொந்திசியோனேல் பாஸே என்ற நிபந்தனை இறந்தகாலம். 'சி ஜாவே ஸ்யு, ஜெ ஸ்ரே வெனு'. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே இங்கே 'சி ஜோரே ஸ்யு' என்று சொல்லித் திருத்து வாங்குவார்கள். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு 'ஜெ ஸ்ரே வெனு சி ஜாவே ஸ்யு' என்று எழுதினாலும், சி இருக்கும் பாதியில்தான் ப்ளுஸ்-கெ-பார்ஃபே.