வேரில் எட்டிப் பார்க்கும் நரை: வீட்டில் டை அடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமுடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால்தான் டை அடித்த மூன்றாம் வாரத்தில் வகிட்டின் இருபுறமும் காதோரத்திலும் ஓர் அரிசியின் நீளத்துக்கு வெள்ளை எட்டிப் பார்க்கிறது. அதை வீட்டிலேயே சரிசெய்ய உட்காருகிறவர்களின் முதல் தவறு, தாம் செய்யப்போவது அந்த அரிசி நீளத்துக்கான வேலை மட்டுமே என்பதை மறந்துவிடுவதுதான். கிண்ணத்தில் சாயம் மிச்சமிருக்கிறதே, வீணாக்குவானேன் என்று வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பூசிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில், வீட்டில் கெட்டுப்போன தலைகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கனத்தால் கெட்டவையே.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இதன் விளைவு புரியும். இடுப்பைத் தொடும் 60 சென்டிமீட்டர் கூந்தலின் நுனி, ஏறக்குறைய 5 ஆண்டுகளுக்கு முன்பு முளைத்தது. மாதம் ஒருமுறை தலை முழுவதும் சாயம் பூசிவந்த ஒருவருடைய நுனிமுடி இதற்குள் 60 முறை சாயத்தில் ஊறியிருக்கும். ஒவ்வொரு முறையும் முடியின் மேற்செதில்கள் விரிந்து, உள்ளே நிறத்தின்மேல் நிறம் ஏறிக்கொண்டே போவதால், வேர்ப்பக்கம் பளபளப்பாகவும் நுனிப்பக்கம் அடுப்புக்கரியைப் போல ஒளியற்றும் தெரிகிறது. சீப்பில் சிக்கி முறிவதும் அந்த நுனிதான்.

ஆகவே பூசுவதற்கு முன், தலையை நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு வகிடும், ஒரு காதிலிருந்து மறுகாதுவரை ஒரு வகிடும் எடுத்து நான்காகப் பிரித்துக் கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வால்சீப்பின் முனையால் அரை சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிறு வகிடுகளாக எடுத்து, பிரஷின் நுனியால் வெள்ளை தெரியும் பகுதியில் மட்டும் சாயத்தை வைக்க வேண்டும். ஏற்கெனவே சாயம் ஏறிய நீளத்தில் முன்கூட்டியே கொஞ்சம் கண்டிஷனர் தடவி வைத்தால், கை தவறிப் பட்டாலும் அங்கே அதிகம் பிடிக்காது. நுனியின் நிறம் உண்மையிலேயே வெளுத்திருந்தால், அலசுவதற்கு முந்தைய கடைசி 5 நிமிடங்களில் சிறிது தண்ணீர் தெளித்து நுரைபோல் பிசைந்து கீழே இழுத்துவிடுவது போதும். அதுவும் மூன்று நான்கு முறைக்கு ஒருமுறைதான்.

அடுத்தது நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. கருப்பு என்றால் கருப்புதானே என்று கடையில் கைக்கு வந்த பெட்டியை எடுத்து வருகிறவர்களே அதிகம். பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்ணில் 1 என்பது முழுக்கருப்பு, 3 அடர்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு என்று போகும். நம்மில் பலருடைய இயற்கை முடியை வெயிலில் பிடித்துப் பார்த்தால் அது முழுக்கருப்பாக இராது. அதில் ஒரு பழுப்பு ஓட்டம் இருக்கும். ஐம்பது வயதுக்குமேல் முகத்தின் நிறமும் மாறியிருக்கும்போது, நெற்றியோரத்தில் மை வரைந்ததுபோல 1-ஆம் எண் கருப்பு நிற்பதுதான் டை அடித்திருக்கிறார் என்பதைத் தெருமுனையிலிருந்தே காட்டிக்கொடுக்கிறது. பிந்தி வளரும் வெள்ளையும் அந்தக் கருப்புக்குப் பக்கத்தில்தான் பளிச்சென்று தெரியும். 3-ஆம் எண்ணுக்கு இறங்கியவர்களுக்கு அந்தக் கோடு அவ்வளவு உறுத்தாது.

இறங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாயத்தால் சாயத்தை வெளுக்க முடியாது. பல ஆண்டுகளாகக் கருப்பு ஏறிய நீளத்தின்மேல் பழுப்பைப் பூசினால் அந்த நீளம் கருப்பாகவே இருக்கும். புதிதாக முளைத்த வேர் மட்டும் பழுப்பாகி, தலை இரண்டு அடுக்காகத் தெரியும். எனவே ஒரே மூச்சில் 1-இலிருந்து 4-க்குத் தாவாமல், ஒவ்வோர் எண்ணாக இறங்கி, பழைய கருப்பை வெட்டி வெட்டிக் கழிப்பதே வீட்டில் செய்யக்கூடிய வழி. பழைய கருப்பை உரித்தெடுப்பதற்கு ப்ளீச் வேண்டும். அதைப் பழகிய கையிடம் விட்டுவிடுவது நல்லது. மண்டைச் சூட்டினால் வேரையொட்டிய முடி மற்ற இடங்களைவிட வேகமாக வெளுத்துச் செம்பு நிறமாகிவிடும் என்பதால், வீட்டுக் கண்ணாடியின் முன் அது கட்டுக்குள் நிற்பதில்லை.

பர்கண்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கருப்பு முடியில் பர்கண்டி பூசினால் வெயிலில் நின்றால்தான் சிவப்பு தெரியும்; நரைமுடியிலோ அடியில் கருப்பே இல்லாததால், பெட்டிப் படத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பளிச்சென்று ஏறும். காதோரத்தில் மட்டும் நரைத்தவர் அதைப் பூசினால், காதுக்கு மேலே குங்குமத்தைக் கொட்டியதுபோல இருபுறமும் சிவந்து நிற்கும். அந்த நிறம்தான் வேண்டும் என்பவர்கள், அதே வகையின் இயற்கைப் பழுப்பைச் சரிபாதி கலந்து பூச வேண்டும்.

சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பரைத் தனியாக வாங்குகிறவர்கள், எண் கூடினால் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணி 40 வால்யூமைக் கேட்டு வாங்குவதைக் கண்டிருக்கிறேன். வால்யூம் என்பது ஒரு பங்கு திரவம் எத்தனை பங்கு ஆக்சிஜன் வாயுவை வெளியிடும் என்பதைக் குறிக்கிறது. 10 என்பது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 என்பது 6. 30 என்பது 9. 40 என்பது 12. நரையை மறைப்பதற்கு 20 போதுமானது. 40-ஐ மண்டைத் தோலில் வைத்தால் எரிச்சலும் புண்ணும்தான் மிஞ்சும்.

இனி நேரத்துக்கு வருவோம். சாயத்திலுள்ள மூலப்பொருள் நிறமற்ற சிறு மூலக்கூறாக முடிக்குள் நுழைந்து, அங்கே பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிய நிற மூலக்கூறாக மாறி, வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. கிண்ணத்தில் கலக்கும்போது வெளிறிய பழுப்பாக இருக்கும் கலவை 10 நிமிடத்தில் கருத்துவிடுவது இதனால்தான். தலைமேல் இருக்கும் கலவையும் அதேபோல் கருக்கும். அதைக் கண்ணாடியில் பார்த்து, பிடித்துவிட்டது என்று எழுந்துபோய் அலசிவிடுகிறார்கள். கருத்திருப்பது முடியின் மேலுள்ள பசைதான், உட்புறம் அல்ல. நரைமுடி தடித்தும் செதில்கள் இறுகியும் இருப்பதால், அதற்கு முழு நேரமும் வேண்டும். பெரும்பாலான கிரீம் வகைகளுக்கு அது 30 நிமிடத்தையொட்டி இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்ன நேரமே கணக்கு. அந்த நேரத்தையும் பூசத் தொடங்கியதிலிருந்து எண்ணாமல், பூசி முடித்ததிலிருந்து எண்ண வேண்டும். நரை அடர்ந்திருக்கும் காதோரத்திலும் முன்நெற்றியிலும் முதலில் தொடங்கினால் அங்கே கூடுதல் நிமிடங்கள் கிடைக்கும். கூடுதலாகப் பிடிக்கட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டுவிடுவதும் தவறுதான்; வினை முடிந்த பிறகு மண்டைத் தோல்தான் காய்கிறது.

நம் ஊர் வெக்கைக்கு நாம் தேடும் மின்விசிறியும் இதில் ஒரு வில்லன். அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின இரவு, சாயத்தைப் பூசிக்கொண்டு விசிறிக்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து காய்கறி நறுக்கினேன். அரைமணி கழித்துத் தொட்டுப் பார்த்தபோது உச்சந்தலையில் சாயம் பொருக்குத் தட்டியிருந்தது. ஈரமுள்ளவரைதான் சாயம் வேலை செய்யும், காய்ந்ததும் நின்றுவிடும். மறுநாள் பிடரி கருப்பாகவும் உச்சி தேநீர்க்கறை போன்ற பழுப்பாகவும் இருக்க, நிழற்படங்களில் அக்காவின் தோளுக்குப் பின்னாலேயே ஒளிந்து நின்றேன். மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தால் போதும்.

குளியலறைக் குழல்விளக்கில் பூசுவதும் அப்படித்தான். வெள்ளை விளக்கில் எண்ணெய்ப் பளபளப்பும் நரையும் ஒன்றுபோலவே தெரியும். பகலில் சன்னலோரமாக, முன்னால் ஒரு கண்ணாடியும் பின்னால் ஒரு கண்ணாடியும் வைத்துக்கொள்வது, அல்லது பின்தலைக்கு வீட்டில் ஒருவரைப் பிடித்து உட்காரவைப்பது மேல்.

எண்ணெய்ப்பிசுக்குள்ள தலையில் சாயம் சீராக ஏறாது. அதற்காகச் சற்றுமுன்தான் நகம்படச் சொறிந்து தேய்த்துக் குளித்த தலையில் பூசினால் எரியும். முந்தின நாள் அலசி, எண்ணெய் வைக்காமல் விடுவதே நடுவழி. தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டிய இடம் நெற்றியின் தோலும் காதுமடலும்தான்; அது விரல் வழுக்கி நெற்றியோர முடியில் ஏறிவிட்டால், மறைக்க வேண்டிய நரையே மறையாமல் நிற்கும். உலோகக் கிண்ணமும் உலோகக் கிளிப்பும் வேண்டாம். கலந்த சாயத்தை அடுத்த மாதத்துக்கென்று மூடிவைக்கவே கூடாது. நிறம் பிடிக்காது என்பதோடு, உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கவும் கூடும்.

இரசாயனம் வேண்டாம் என்று மருதாணிக்கு மாறுகிறவர்களின் தவறுகள் வேறு வகை. மருதாணியிலுள்ள லாசோன் செம்மஞ்சள் நிறத்தைத்தான் தரும். வெள்ளை வேரில் அது மட்டும் ஏறினால் வகிட்டில் ஆரஞ்சுக் கோடு விழும். கருப்பு வேண்டுமென்றால் முதலில் மருதாணி வைத்து அலசிவிட்டு, அதன்மேல் அவுரிப்பொடியை வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக இரவே குழைத்து ஊறவைப்பதால் அவுரி வீணாகிறது. மருதாணிக்குப் பல மணி நேரம் ஊறல் தேவை. அவுரியையோ வெதுவெதுப்பான நீரில் குழைத்து, மேலே நீலம் படர்ந்த 15, 20 நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். அலசியவுடன் பச்சையோ நீலமோ ஓடுவதைக் கண்டு பதறி ஷாம்பு போட்டுக் கழுவிவிடக் கூடாது. அது காற்றுப் பட்டு ஓரிரு நாளில்தான் கருக்கும்.

கருப்பு ஹென்னா என்று பெயரிட்டு விற்கும் பல பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தால், பொடியெழுத்தில் பாரா-ஃபினைலின்டைஅமின் என்று இருக்கும். பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதுதான் கடைச் சாயங்களின் முதன்மை மூலப்பொருள். மருதாணி என்று நம்பி, சோதித்துப் பார்க்காமல் இதைத் தலை முழுக்க அப்பிக்கொள்கிறார்கள். அமோனியா இல்லாதது என்ற சொல்லும் இதேபோல் ஏமாற்றும். அமோனியா இல்லை என்றால் நெடி குறையும். அதன் வேலையை வேறொரு காரப்பொருள் செய்கிறது. பிபிடியோ அதன் உறவுப்பொருளோ அங்கேயேதான் இருக்கும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது இந்தப் பிபிடி. ஐரோப்பிய ஒன்றியம் தலையில் வைக்கும் கலவையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

இருபது வருடமாக அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் இருப்பவற்றுள் ஆபத்தான நம்பிக்கை. இந்த ஒவ்வாமை பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று தலைகாட்டக்கூடியது. அதுவும் உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துக் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் அரிப்பும் கொப்புளமும் தோன்றும், கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ளும். எனவே பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு, தாளில் சொன்னபடி கலந்து, காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய அளவில் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புதிய பெட்டிக்கும், நிறம் மாறும்போதும், இதைச் செய்ய வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பெட்டி குப்பைக்கு. முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்கு.

மிச்சச் சாயத்தைப் புருவத்தில் தடவும் பழக்கத்துக்கு நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன். 1933-இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயத்தில் இருந்த இதே பிபிடியால் பெண்கள் பார்வையை இழந்தார்கள். அந்நாட்டின் 1938-ஆம் ஆண்டு உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டத்துக்குத் தூண்டுகோலானவற்றில் அதுவும் ஒன்று. பிபிடி வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், பொட்டலங்கள் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

முன்பு பூசிய பொருளின்மேல் எது எப்படி ஏறும் என்று தெரியாதபோது, குறிப்பாக உலோக உப்பு கலந்த மருதாணியோ முடி கருக்கும் தைலமோ பயன்படுத்தியவர்கள், சீப்பில் வந்த முடியைச் சுருட்டி எறிவதற்கு முன் அதில் ஒரு கொத்தை எடுத்துக் கலவையில் போட்டுப் பார்க்கலாம். அது சூடானாலோ, நுரைத்தாலோ, பச்சையாக மாறினாலோ தலையில் வைக்கக் கூடாது.

ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் குறைந்தது 4 வார இடைவெளி வேண்டும். அதற்குள் விசேஷம் ஏதாவது வந்துவிட்டால், தலைக்குக் குளித்தால் போய்விடும் வேர்மறைப்புப் பொடியை வகிட்டில் ஒற்றிக்கொள்ளலாம். அதுவும் கைவசம் இல்லாதவர்கள், நேர்வகிட்டை விட்டு வால்சீப்பின் முனையால் இடமும் வலமுமாக நெளித்து வகிடு எடுத்தால், நேர்கோடாகத் தெரிந்த வெள்ளை உடைந்து அங்கங்கே புள்ளியாகிவிடும். அதை வைத்து இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்.