ஐம்பது தோட்டாவில் எத்தனை தப்புகிறது?

போன மாதம் எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு பையன் டார்கெட் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "அக்கா, இந்த லாட் சூப்பர், பாருங்க." லாட் என்றால் தொழிற்சாலையில் ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்கள். 50 மீட்டரில் ஐந்து ரவுண்டு, ஏறக்குறைய ஒரே ஓட்டை. அவன் சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. "பெட்டியில மிச்சம் 45 இருக்கே தம்பி, அதையும் சுட்டுட்டு வா" என்றேன்.

நானும் ஒருமுறை இப்படி ஒரே ஒரு அழகான குரூப்பை (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டத்தை) நம்பி, லைசென்ஸில் அந்த வருஷத்துக்கு வாங்க முடிந்ததில் பாதியை ஒரே லாட்டில் வாங்கிவிட்டேன். பயிற்சியில் நன்றாகத்தான் போனது. போட்டி நாளில் 60 ரவுண்டில் மூன்று, நான் சரியாக விட்ட ஷாட்கள், மேலேயும் கீழேயும் எட்டு வளையத்துக்குப் போயின. அன்றிலிருந்து ஒரு லாட்டின் சிறந்த குரூப்பைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை. அதன் மோசமான ஷாட்டைத்தான் தேடுகிறேன்.

நான் சொல்வது நடுத்தர விலை .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) டார்கெட் தோட்டாவைப் பற்றி: எஸ்.கே. ரைஃபிள் மேட்ச், ஆர்.டபிள்யூ.எஸ். டார்கெட் ரைஃபிள், எலே கிளப் போன்றவை. எலே டெனெக்ஸ், லப்புவா எக்ஸ்-ஆக்ட் வாங்குகிறவர்களுக்கும் முறை இதுதான். ஆனால் இந்த நடு வரிசையில்தான் லாட்டுக்கு லாட் அதிகம் மாறுகிறது, சோதித்துப் பார்ப்பதால் கிடைக்கும் பலனும் அதிகம். இதில் நல்ல லாட்டின் குரூப், விலை கூடிய தோட்டாவின் குரூப் மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம் வருவது பெட்டிக்கு ஒன்றோ இரண்டோ வழிதவறிப் போகும் தோட்டாவில்.

முதலில் எந்த அளவுகோலில் பார்க்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 50 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. வளையத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், ஓட்டையின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் போதும். ஆக நமக்குத் தேவை 16 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். அதற்குள் நிற்கிற லாட்டில், பத்துக்கு வெளியே போன ஷாட்டுக்குத் தோட்டாவைக் குறை சொல்ல முடியாது.

பெட்டியைப் பிரித்ததும் லாட் எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒரே பெயர், ஒரே நிற அட்டை, லாட் எண் மட்டும் வேறு என்றால் அதை வேறு தோட்டா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து தோட்டாவை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஈய மூக்கில் நசுங்கல் இருக்கிறதா, குண்டைச் சுற்றி மெழுகு சீராக இருக்கிறதா, விரலால் தொட்டால் குண்டு ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடுவதை ஒதுக்கிவிடுங்கள். சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், போட்டு போல்ட்டை மூடும்போது ஒன்று இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் போனால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தராசை மட்டும் எடுக்காதீர்கள். நான் 200 தோட்டாவை ஒரு மாலை முழுக்க நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பிரித்துச் சுட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தராசு காட்டுவது பித்தளைக் கூடு, ஈயக் குண்டு, வெடிமருந்து, அடி விளிம்பான ரிம்முக்குள் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எல்லாம் சேர்ந்த எடை. கூடியிருப்பது ஈயமா பித்தளையா என்று அதில் எப்படித் தெரியும்? குண்டு மட்டுமே 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். மருந்து அதில் சிறு துளிதான். அந்தத் துளி கூடினதும் குறைந்ததும் பித்தளையின் எடை வித்தியாசத்துக்குள் மறைந்துபோகும்.

சுடுவதற்குக் காலை நேரம்தான் சரி. எங்கள் ஊரில் ஒன்பது மணிக்கு மேல் காற்றும் கானலும் சேர்ந்துவிடும், அதற்கப்புறம் எது தோட்டா, எது காற்று என்று பிரிக்க முடியாது. பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். பத்து ரவுண்டு சுட்ட சூடான சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டுக் குறி பார்த்துக்கொண்டே படுத்திருக்கவும் வேண்டாம், மருந்து சூடானால் வேகம் மாறும். துப்பாக்கிக்கு முன்னால் தாங்கியாக ரெஸ்ட், பின்னால் மணல் பை. முடிந்தால் டயாப்டரை (சிறு துளை வழியே குறி பார்க்கும் சைட்டை) கழற்றி ஸ்கோப் மாட்டுங்கள். கன்னம் வைக்கும் இடமும் தோள் அழுத்தமும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் 15 ரவுண்டை மண்மேட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய மெழுகு போய்ப் புது மெழுகு பேரல் முழுக்கப் படிய அவ்வளவு வேண்டும். அந்த 15 ரவுண்டுக்கு மனசு வராமல் நேரே கணக்கில் சேர்ப்பவர்கள், நல்ல லாட்டையும் கெட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் பேரலைத் துடைக்கவும் கூடாது.

பிறகு ஒரு லாட்டுக்கு 50 ரவுண்டு, ஒரு தாளுக்குப் பத்து என்று ஐந்து தாள். ஐந்து ரவுண்டு குரூப் வேண்டாம், அது அதிர்ஷ்டத்துக்கு மிகவும் இடம் கொடுக்கும். அதே தோட்டா, அதே துப்பாக்கி, இப்போது 9 மி.மீ. காட்டும், அடுத்த நிமிஷம் 15 காட்டும். பத்து ரவுண்டு குரூப் இயல்பாகவே ஐந்து ரவுண்டு குரூப்பைவிடக் கால் பங்கு பெரிதாக வரும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டிரிகர் விட்டதும், ஸ்கோப்பில் ஓட்டையைப் பார்ப்பதற்கு முன்பே, "சரி" அல்லது "என் தப்பு" என்று நோட்டில் குறியுங்கள். ஓட்டையைப் பார்த்த பிறகு எழுதினால் எல்லாத் தப்பும் தோட்டாவின் தலையில்தான் விழும்.

இங்கே பாதுகாப்பு பற்றி ஒன்று. சத்தம் வழக்கம்போல் இல்லாமல் "பொத்" என்று கேட்டாலோ, தாளில் ஓட்டை விழாவிட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, துப்பாக்கியைக் காலியாக்கி, பேரலுக்குள் பார்த்த பிறகே அடுத்த ரவுண்டு. டிரிகர் விழுந்தும் வெடிக்காவிட்டால் குழலை டார்கெட் பக்கமே வைத்து அரை நிமிஷம் காத்திருந்து போல்ட்டைத் திறங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கடையில் ஒரு ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வாங்குங்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குத் தெரியும். அதன் நடுவில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். ஒவ்வொரு தாளின் நடுப்புள்ளியையும் அந்தக் குறிக்கு நேராகப் பொருத்தி, ஓட்டைகளின் மையத்தை மெல்லிய மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஓட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள், தாள் சுருங்கி ஓட்டை குண்டைவிடச் சின்னதாகத்தான் நிற்கும். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஈயமும் மெழுகும் பூசிய வளையம் இருக்கும், அதன் நடுதான் மையம். ஐந்து தாளும் ஏறியதும் 50 புள்ளியும் ஒரே மேகமாகத் தெரியும். காம்பஸில் 16 மி.மீ. வட்டம் போட்டு, அந்த மேகத்தின் நடுவில் வையுங்கள். "என் தப்பு" என்று எழுதியவற்றை விட்டுவிட்டு வெளியே நிற்பவற்றை எண்ணுங்கள்.

என் கணக்கு இது. ஒன்று வெளியே என்றால் வாங்குவேன். இரண்டு என்றால் இன்னொரு பெட்டி சுட்டுப் பார்ப்பேன். மூன்றோ அதற்கு மேலோ போனால் அந்த லாட் பயிற்சிக்கு மட்டும். ஒன்றுகூட வெளியே போகவில்லை என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது: 50-ல் பூஜ்யம் வந்த லாட்டிலும் நூற்றுக்கு ஐந்தாறு தப்ப வாய்ப்பு இன்னும் இருக்கிறது. அதனால் மாவட்டப் போட்டிக்கு மேல் போகிறவர்கள் 100 ரவுண்டாவது சுட வேண்டும்.

மேகத்தின் வடிவத்தையும் பாருங்கள். பக்கவாட்டில் நீண்டால் பெரும்பாலும் காற்று, இல்லை நாம் துப்பாக்கியைப் பிடிக்கும் விதம். மேலும் கீழுமாக நீண்டால் முதலில் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். டார்கெட் தோட்டா நொடிக்குச் சுமார் 325 மீட்டரில் கிளம்பி, 50 மீட்டரை அடைவதற்குள் 12 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிடுகிறது. வேகம் 10 மீட்டர் குறைந்தால் இன்னும் 7, 8 மி.மீ. கீழே. பத்தை இழக்க அதுவே போதும். யாரிடமாவது குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் சராசரி வேகத்தைக் கேட்காதீர்கள், 50-ல் மிகக் குறைந்த வேகம் எது என்று கேளுங்கள்.

லாட் தேறினால் தள்ளிப்போடாமல் அதே எண்ணில் முடிந்த அளவு வாங்கிவிடுங்கள், அடுத்த மாதம் கடையில் அது இருக்காது. அதில் ஒரு பெட்டியை டேப் ஒட்டி, ஓ.எச்.பி. ஷீட்டையும் சோதித்த தேதியையும் அதோடு சேர்த்து, லாக்கரின் அடியில் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கோர் காரணமில்லாமல் இறங்கினால் அந்தப் பெட்டியைப் பிரித்து அதே மாதிரி 50 சுடுங்கள். பழைய ஷீட்டின் மேல் புதியதை வைத்து மேகம் பொருந்தினால், துப்பாக்கியும் தோட்டாவும் சரியாகத்தான் இருக்கின்றன. பொருந்தாவிட்டால், துப்பாக்கியை அதன் கட்டையோடு இறுக்கும் பெடிங் ஸ்க்ரூவிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.