குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: எந்த பாகத்தை முதலில் தேர்ந்தெடுப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான் மானிட்டரில் இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், எவ்வளவு வேலைக்கு அந்தப் பணத்தைப் போடுகிறோம் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அந்த வேலையின் அளவைத் தீர்மானிப்பது திரைதான்.

படி 1: திரையும் கேம்களும்

1920 × 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560 × 1440 என்றால் சுமார் 37 லட்சம். 4கே திரையில் 83 லட்சத்தை நெருங்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) இத்தனை புள்ளிகளையும் கிராஃபிக்ஸ் கார்டு கணக்கிட்டு வரைய வேண்டும். அதனால் பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு 1080 திரையே சரி.

அப்புறம், நீங்கள் விளையாடப் போகும் ஐந்தாறு கேம்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி கேம்கள் பிராசஸரிடம் அதிகம் வேலை வாங்கும். சைபர்பங்க் 2077 மாதிரியான பெரிய கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். உங்கள் தாளில் எந்த வகை அதிகம் என்று பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

படி 2: கிராஃபிக்ஸ் கார்டு

மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மற்ற பாகங்களை வாங்கிவிட்டு மிச்சத்தில் கார்டு பார்க்கலாம் என்று போனால், மிஞ்சுவது நிச்சயம் போதாது.

கார்டில் முதலில் பார்க்க வேண்டியது அதன் சொந்த நினைவகம், அதாவது விராம். 4 ஜிபி கார்டை இன்று புதிதாக வாங்காதீர்கள். 8 ஜிபியைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சில புதிய கேம்களில் டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டப்படும் நுணுக்கப் படங்கள்) அமைப்பை ஒரு படி குறைக்க வேண்டியிருக்கும். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 (8 ஜிபி), ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) இரண்டும் 1080 திரைக்கு நன்றாகவே தாங்கும். ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வாட்தான் இழுக்கும் என்பதால் பவர் சப்ளையிலும் செலவு குறையும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6600-க்கு ஒரு படி மட்டும் கீழே இருப்பது போலத் தெரியும். ஆனால் அதில் இருப்பது 4 ஜிபி நினைவகம், மதர்போர்டோடு பேச நான்கே பிசிஐஇ லேன்கள் (தகவல் போகும் பாதைகள்). பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் மாட்டினால் அதன் வேகம் இன்னும் குறையும்.

பயன்படுத்திய கார்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் கண்ணெதிரே ஒரு கனமான கேமை அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 3: பிராசஸரும் மதர்போர்டும்

இவை இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்தாவிட்டால் ஒன்றில் இன்னொன்று உட்காராது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 ஏஎம்4 சாக்கெட்டுக்கானது, இன்டெல் கோர் ஐ5-12400எஃப் எல்ஜிஏ 1700-க்கானது. இரண்டிலும் 6 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). பட்ஜெட் கேமிங்குக்கு இது போதும். இதற்கு மேல் போகும் பணம் கார்டுக்குப் போனால்தான் பலன்.

இங்கேயும் எழுத்துகளைக் கவனித்துப் படியுங்கள். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதில் உள்ளமை கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரைசன் 5 5600ஜி-யில் உள்ளமை கிராஃபிக்ஸ் உண்டு. ஆனால் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 16 எம்பிதான், 5600-இல் 32 எம்பி. தனி கார்டு போடுகிறீர்கள் என்றால் ஜி இல்லாத 5600-தான் கேமுக்கு வேகம். கார்டை ஆறு மாதம் கழித்து வாங்குவதாகத் திட்டம் என்றால் மட்டும் ஜி-யை யோசியுங்கள்.

மதர்போர்டில் ஆடம்பரம் வேண்டாம். ரைசனுக்கு பி550 சிப்செட் உள்ள போர்டு நல்ல தேர்வு. பி450 மலிவாகக் கிடைத்தால், 5000 வரிசை பிராசஸரை ஏற்கும் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு அதில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். நான்கு ராம் ஸ்லாட் இருந்தால் பின்னால் உதவும்.

படி 4: ராம்

ஓடும் கேமின் தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம் இது. 16 ஜிபி வேண்டும். ஒரே 16 ஜிபி குச்சியாக இல்லாமல், இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்குங்கள். இரண்டு இருந்தால் பிராசஸர் இரு பாதைகளில் ஒரே நேரத்தில் தகவலை எடுக்கும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். டிடிஆர்4 குச்சியும் டிடிஆர்5 குச்சியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டிலும் 288 பின்கள். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது, அழுத்திப் பார்க்காதீர்கள். ஏஎம்4 போர்டுக்கு டிடிஆர்4-தான்.

படி 5: பவர் சப்ளை

தயவுசெய்து இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் முதன்முதலில் கட்டிய கம்ப்யூட்டரில் மெனு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சண்டை சூடுபிடித்துப் பத்தே நிமிடத்தில் பட்டென்று மொத்தமும் அணைந்துவிடும். நீலத் திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. கார்டுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து டிரைவரை மூன்று முறை மாற்றினேன், விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன். கடைசியில் நண்பர் ஒருவரின் பவர் சப்ளையைக் கடன் வாங்கி மாட்டியபோது அதே கேம் இரண்டு மணி நேரம் அசையாமல் ஓடியது.

பழையதைக் கழற்றி அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 500 வாட். கீழே உள்ள சின்னக் கட்டத்தில், 12 வோல்ட் என்ற தலைப்புக்கு அடியில் 24 ஆம்பியர். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். 12-ஐ 24-ஆல் பெருக்கினால் 288 வாட். மீதி வாட்டெல்லாம் நமக்கு அவ்வளவாகப் பயன்படாத மற்ற வரிசைகளின் கணக்கு.

நீங்களும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். நல்ல 550 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட் வரிசை 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும், அதாவது 540 வாட். மேலே சொன்ன ரைசன் 5 5600-க்கும் ஆர்எக்ஸ் 6600-க்கும் 300 வாட்டுக்குள் முடிந்துவிடும் என்றாலும், கார்டு சில நொடித்துளிகள் திடீரென்று அதிகம் இழுக்கும். அந்த இடைவெளிக்குத்தான் கூடுதல் வாட். 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்லும், தயாரிப்பின் தரத்தைச் சொல்லாது. அதனால் உத்தரவாதக் காலம் ஐந்து ஆண்டாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: மீதி

கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி இருந்தால் நிம்மதி, ஏனென்றால் 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இப்போது சாதாரணம். எம்.2 வடிவில் (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் சிறு பலகை) இருப்பதெல்லாம் வேகமான என்விஎம்இ வகை அல்ல, மெதுவான சாட்டா வகையும் அதே வடிவில் வருகிறது. விவரக்குறிப்பில் பார்த்து வாங்குங்கள். கேபினட்டுக்கு முன்பக்கம் வலை இருக்கட்டும், கண்ணாடி மூடிய முகப்பில் காற்று புகாது. கார்டின் நீளத்தைக் கேபினட்டில் உள்ள இடத்தோடு மில்லிமீட்டரில் ஒப்பிட மறக்க வேண்டாம். ரைசன் 5 5600 பெட்டியோடு வரும் கூலரே போதும்.

கட்டி முடித்த பிறகு

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல், கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி (ராமை அதில் குறித்த வேகத்தில் ஓட வைக்கும்) அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று போட்டு வாங்கிய ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் அந்த எண் தெரியும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால், விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் அது 60-லேயே நிற்கிறதா என்று பார்த்து, 144-க்கு மாற்றிவிட்டு முதல் கேமைத் திறவுங்கள்.