பைத்தான் படக்காட்டி: ரேமைத் தின்னாமல் 400 படம் புரட்ட

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை எடுத்த 400 படங்கள் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. 30 வரியில் எழுதிய படக்காட்டி முதல் சில படங்களுக்கு ஜோராக ஓடும். போகப்போக மடிக்கணினி திணறும். சிம் லிம் ஸ்குவேருக்கு ரேம் வாங்கக் கிளம்புமுன் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். பைத்தான், படங்களைக் கையாளும் பில்லோ, சன்னல் திறக்கும் டிகேஇன்டர் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. ஜேபெக் ஃபைல் 8 எம்பிதானே என்று ஏமாறாதீர்கள். 6000 × 4000 படத்தை விரித்ததும் பில்லோ புள்ளிக்கு 4 பைட் எடுக்கும். மூன்று நிறத்துக்கு 3 போதும். நான்காவது சும்மா இடம் நிரப்ப. ஆக 96 எம்பி. அதைத் திரையில் காட்ட அப்படியே போட்டோஇமேஜாக மாற்றினால், டிகேஇன்டருக்கு அடியில் ஓடும் டிகே தன் பங்குக்கு இன்னொரு 96 எம்பி பிடிக்கும்.

படி 1: சிறிதாகவே விரியுங்கள். 'ஓபன்' செய்யும்போது தலைப்பகுதி மட்டும்தான் படிக்கப்படும். புள்ளிகள் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் 'டிராஃப்ட்' கூப்பிட்டு, 1920 × 1080 அளவைக் கொடுங்கள். ஜேபெக் பாதியளவாகவே, 3000 × 2000 ஆக விரியும். 96 எம்பி 24 ஆகிவிடும். பிறகு திரையளவுக்குச் சுருக்க 'தம்ப்நெயில்'. தம்ப்நெயிலே உள்ளுக்குள் டிராஃப்டைக் கூப்பிடுமே என்பீர்கள். கூப்பிடும்தான், ஆனால் தரத்துக்காகக் கேட்ட அளவைப்போல் இரண்டு மடங்கு வைத்துக் கேட்கும். உயரம் மட்டுமே 2160 ஆகிவிடும். பாதியாக்கினால் அதைவிடக் குறைந்துவிடும் என்பதால் முழுப்படமும் விரியும். டிராஃப்டைத் தனியாக, முதலில் கூப்பிடச் சொல்வது அதனால்தான். பிஎன்ஜிக்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 2: லேபிளில் (சன்னலில் படம் காட்டும் இடம்) படம் வராமல் வெறுமையாக நிற்கிறதா? போட்டோஇமேஜை வைத்திருந்த மாறி, ஃபங்ஷன் முடிந்ததும் போய்விட்டது. பைத்தான் படத்தைக் குப்பையில் போட்டுவிட்டது. இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், எல்லாப் படத்தையும் ஒரு லிஸ்டில் சேர்ப்பது. படம் தெரியும், ரேமும் காலியாகும். 400 படமும் அந்த லிஸ்டிலேயே உட்கார்ந்திருக்கும். லேபிளின் ஒரே பண்பில் புதுப் படத்தை மாட்டுங்கள். பழையது தானாகக் கழன்றுகொள்ளும்.

படி 3: முன்படம், நடப்பு, அடுத்தது என மூன்றை மட்டும் கையில் வைத்தால் போதும். திரையளவில் ஒன்று 1620 × 1080, சுமார் 7 எம்பி. அண்மையில் பார்த்தவற்றை மட்டும் நினைவில் வைக்கும் 'எல்ஆர்யூ கேஷ்' போடுவதானால் மேல்வரம்பை நீங்களே எழுதுங்கள். சும்மா விட்டால் 128 படம். முழுப்படமாக வைத்தால் 12 ஜிபியைத் தாண்டும்.

அளந்து பார்க்க, பைத்தானோடு வரும் நினைவகக் கணக்காளர் 'டிரேஸ்மாலாக்' வேண்டாம். பில்லோ புள்ளிகளை சி மொழி வழியே ஒதுக்குவதால் அதன் கண்ணில் படாது. 'பிஎஸ்யூடில்' என்ற நூலகம் காட்டும் ஆர்எஸ்எஸ் (நிரல் இப்போது பிடித்திருக்கும் ரேம்) போதும்.

பின்சேர்க்கை: நெட்டுவாக்கில் எடுத்த போன் படங்கள் திரைக்கு வெளியே போனால், சுருக்கிய பிறகு திருப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்காகத் திருப்புவதை முன்னால் கொண்டுபோகாதீர்கள். எக்சிஃப் (படத்தோடு கேமரா எழுதிவைக்கும் குறிப்பு) பார்த்துத் திருப்பும் ஃபங்ஷன் முழுப்படத்துக்கும் இன்னொரு நகல் எடுக்கும். டிராஃப்டுக்கும் தம்ப்நெயிலுக்கும் 1920 × 1920 கொடுங்கள், திருப்புங்கள், பிறகு 1920 × 1080க்கு மறுபடி ஒரு தம்ப்நெயில்.