டைமிங் செயின் தேய்ந்துவிட்டதா? எஞ்சினை இறக்காமலே பார்ப்பது எப்படி

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் பலருக்கு வாய்ப்பது பெங்களூரில் ஓடிய வண்டிதான். மீட்டரில் 60,000 கிலோமீட்டர் காட்டும். சிக்னலில் நின்றபடி எஞ்சின் ஓடிய நேரம் எந்த மீட்டரிலும் ஏறாது. ஆனால் டைமிங் செயினுக்கு அந்த நேரமும் ஓட்டம்தான். பிஸ்டனால் சுழலும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் பொருந்தி ஓட வைக்கும் செயின் இது. சில எஞ்சின்களில் இதற்குப் பதில் பெல்ட் இருக்கும். "செயின் வண்டி அண்ணா, லைஃபுக்கும் தொட வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்வார்கள். உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் என்ற சிறு கம்பியும் அதைச் சுற்றிய புஷ் என்ற குழலும் தேய்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் மயிரிழை மயிரிழையாகச் சேர்ந்து மொத்த நீளம் கூடிவிடுகிறது. கரி கலந்த பழைய ஆயில்தான் இதற்கு முதல் காரணம்.

உங்கள் வண்டியில் இருப்பது செயினா, பெல்ட்டா?

மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல், பழைய ஸ்விஃப்டில் வந்த 1.3 டீசல், ஹூண்டாயின் 1.2 கப்பா எல்லாம் செயின். பழைய இன்னோவா 2.5 டீசல், சான்ட்ரோ ஜிங், டஸ்டர் 1.5 டீசல் பெல்ட். தெரியவில்லை என்றால் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைப் பாருங்கள். செயின் ஆயிலில் ஓடுவதால், சீலன்ட் போட்டு அடைத்த உலோக மூடி இருக்கும். பெல்ட்டுக்குப் பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடி.

முதலில் காது

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். மார்கழியில் தளி, ஓசூர் பக்கம் இருக்கும் குளிர் இதற்கு ரொம்ப வசதி. பானட்டைத் திறந்து நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், சாவியை வேறொருவர் திருப்பட்டும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலான எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவில் ஆயில் வடிந்திருந்தால் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து மூடியின் உள்பக்கத்தில் அடிக்கும். கரகரவென்று ஒரு சத்தம். ஒரு நொடியில் நின்றால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு மூன்று நொடி நீடித்து, அதுவும் தினமும் கேட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். எஞ்சின் சூடான பிறகும், வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது கேட்டால் வண்டியை ஓட்டாதீர்கள்.

சத்தம் வேறு இடத்திலிருந்தும் வரலாம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் செயினை மூடியிருக்கும் டைமிங் மூடியிலும் பிடியைக் காதருகிலும் வைத்துக் கேளுங்கள். துப்பட்டா, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் ஓடும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பேரிங் மீது சந்தேகம் என்றால் அதை ஓட்டும் வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் செயின் தப்பித்தது.

டிப்ஸ்டிக்கையும் மறக்க வேண்டாம். ஆயில் அளவு குறைந்தாலே டென்ஷனர் தடுமாறும். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பி 0016 என்று வந்தால் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடவில்லை என்று பொருள். சென்சார் கோளாறிலும் இது வரும் என்பதால் இதை மட்டும் நம்பி செயின் வாங்கிவிடாதீர்கள்.

மேல் மூடியைத் திறந்து

இனி வருவது இரண்டு கேம் உள்ள பெட்ரோல் எஞ்சினுக்கு. டீசலில் அமைப்பு மாறும், அதைத் தெரிந்தவர் கையில் விடுவது நல்லது.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். இக்னிஷன் காயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டால் எஞ்சின் கையால் இலகுவாகச் சுழலும். பிளக் துளைகளைத் துணியால் மூடிவிட்டு எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரைக் கழற்றுங்கள். செயின் இறங்கும் பள்ளத்தில் ஒரு நட்டு விழுந்தால் கால் மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

இப்போது கிராங்க் முனையில் உள்ள சக்கரமான புல்லியின் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். இன்றைய பெரும்பாலான எஞ்சின்களுக்குப் புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் அது கடிகாரத் திசை. பின்னால் சுற்றக் கூடாது. கேம் போல்ட்டைப் பிடித்தும் சுற்றக் கூடாது. விரல் செயின் பக்கம் வேண்டாம்.

புல்லியின் வெட்டு, மூடியிலுள்ள பூஜ்யக் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். கேம் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் மாட்டும் பற்சக்கரம்) உள்ள குறிகள் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சொன்ன இடத்தில் நிற்கின்றனவா? சுத்தமாக வேறு பக்கம் நின்றால் பதற வேண்டாம், இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று வரும். செயினில் நிறம் பூசிய கண்ணிகள் குறிக்கு நேராக இல்லையே என்றும் பயப்படாதீர்கள். அவை மாட்டும்போது மட்டும் பயன்படுவன. ஓடிய எஞ்சினில் எங்கோ போயிருக்கும்.

குறி லேசாகப் பின்தங்கி, அரைப் பல் அளவு தள்ளி நின்றால் செயின் தேய்ந்திருக்கிறது. முழுப் பல் தள்ளி நின்றால் செயின் தாவிவிட்டது. கேமில் 36 பல் என்றால் ஒரு பல் தாவினாலே கிராங்க் கணக்கில் 20 டிகிரி பிசகு. அந்த நிலையில் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

அப்புறம் பற்கள். டார்ச் அடித்துச் சின்னக் கண்ணாடியில் பாருங்கள். நல்ல பல்லின் இரு பக்கமும் ஒரே மாதிரி சரியும். தேய்ந்த பல் ஒரு பக்கம் அரிக்கப்பட்டு, நுனி கூராகிக் கொக்கிபோல வளைந்திருக்கும். பைக் செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து இழுத்துப் பார்ப்பதுபோல, கேம் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிய செயினை நடுவில் வெளிப்பக்கம் இழுங்கள். பல்லை விட்டு எழும்பினால் தேய்மானம் உறுதி. கிராங்க் ஸ்ப்ராக்கெட் டைமிங் மூடியைக் கழற்றாமல் தெரியாது. அதில் பற்கள் பாதி என்பதால் ஒவ்வொரு பல்லுக்கும் இரட்டை வேலை. மேலே தேய்மானம் தெரிந்தால் கீழே அதைவிட மோசம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செயின் ஆடாமல் வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடில் செயின் போட்ட தடத்தையும் பாருங்கள். சில டொயோட்டா எஞ்சின்களுக்கு 1 மில்லிமீட்டர் பள்ளம்தான் எல்லை. வடித்த ஆயிலில் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் கைடு உடைந்துகொண்டிருக்கிறது.

மாற்றுவது என்று முடிவானால் செயின், ஸ்ப்ராக்கெட்டுகள், கைடு, டென்ஷனர் நான்கையும் சேர்த்தே வாங்குங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போய் வாங்குவதானால் எஞ்சின் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே மாடல் காரில் இரண்டு விதமான எஞ்சின் வருவதுண்டு. மாட்டி முடித்ததும் புல்லியைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்வதைப் பார்த்த பிறகே பேட்டரியை இணைக்கச் சொல்லுங்கள்.