காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே ஜெர்மன் பயண வாக்கியம் அமைப்பது எப்படி?

"நாளைக்கு பஸ்ஸில் மதுரைக்குப் போறேன்." இதைச் சொல்லத் தெரிந்தால் ஜெர்மன் வாக்கியம் பாதி தயார். எப்போது, எதில், எங்கே என்பதுதான் அவர்களுக்கும் வழக்கமான வரிசை. கடைசியில் நிற்கிற "போறேன்" மட்டும் முன்னால் வந்து இரண்டாவது சீட்டில் உட்கார வேண்டும்: இஹ் ஃபாரெ மோர்கன் மிட் டேம் புஸ் நாஹ் மதுரை. நான், போறேன், நாளைக்கு, பஸ்ஸில், மதுரைக்கு. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு ஜெர்மனுக்குப் போனால் "நாளைக்கு" எப்படியும் கடைசிக்கு ஓடிவிடும், அதனால் தமிழிலிருந்தே நேராகப் போங்கள். "நாளைக்கு" என்று ஆரம்பித்தாலும் வினை தன் சீட்டை விடாது, "நான்" தான் பின்னால் நகரும்: மோர்கன் ஃபாரெ இஹ்...

மிட் என்றால் "உடன்". நாம் பஸ்ஸில் போகிறோம், அவர்கள் பஸ்ஸோடு போகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு, ஆங்கில "the" மாதிரி அதன் முன்னால் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டும் இல்லாதது) என்று ஒன்று நிற்கும். மிட் வந்துவிட்டால் டேர், டாஸ் இரண்டும் டேம் ஆகும், பெண்பால் டீ மட்டும் டேர் ஆகும். பஸ்ஸும் ரயிலும் (ட்ஸூக்) ஆண்பால், எனவே மிட் டேம். டிராம் (ஷ்ட்ராசன்பான்) பெண்பால், எனவே மிட் டேர். ஆண்பாலுக்கு இருந்த டேர் இங்கே பெண்பாலுக்கு வந்து நிற்பது கொஞ்சம் அநியாயம்தான், நான் இரண்டு மாதம் "மிட் டேர் புஸ்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நடந்து போவதற்கு மிட்டும் வேண்டாம், டேமும் வேண்டாம்: ட்ஸூ ஃபூஸ். அப்போது வினையும் ஃபாரன் இல்லை, கேயன். ஃபாரன் வண்டிக்கு.

அப்புறம் நம்முடைய "-க்கு". நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் நமக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும், அவர்களுக்குப் போதாது. பிள்ளையார்பட்டிக்கு என்றால் நாஹ் பிள்ளையார்பட்டி, ஊர்ப் பெயர் என்பதால். அங்கேயே கோயிலுக்கு என்றால் ட்ஸும் டெம்பெல் (ட்ஸூவும் டேமும் சேர்ந்தால் ட்ஸும், ட்ஸூவும் டேரும் சேர்ந்தால் ட்ஸுர்). ரயில்வே ஸ்டேஷனுக்கு ட்ஸும் பான்ஹோஃப், பஸ் ஸ்டாப்புக்கு ட்ஸுர் ஹால்டெஷ்டெல்லெ (பெண்பால், அதனால்தான் ட்ஸுர்). தேவகோட்டைக்கு நாஹ் தேவகோட்டை, ஆனால் அங்கே இருக்கிற அப்பத்தாவிடம் போவதற்கு ட்ஸூ மைனர் ஓமா. வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு: நாஹ் ஹௌசெ.

ஏறுவது, இறங்குவது, மாறுவது மூன்றுக்கும் ஷ்டைகன்தான் அடி, முன்னால் ஒட்டுவதுதான் வேறு: ஐன், ஔஸ், உம். வாக்கியத்தில் இந்த ஒட்டு கழன்று கடைசிக்குப் போய்விடும். இஹ் ஷ்டைகெ இன் திருச்சி உம், அதாவது திருச்சியில் வண்டி மாறுகிறேன். அந்தக் கடைசி "உம்" வரும்வரை எதிரில் இருப்பவருக்கு நாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாது, பொறுமையாகக் கேட்பார்கள்.

நடந்து முடிந்ததைச் சொல்ல ஜெர்மனில் பெரும்பாலும் "ஹாபெ" என்ற துணைவினை வரும், ஆனால் போய்விட்டு வந்ததைச் சொல்ல அதைப் போடாதீர்கள், "பின்" (bin) போடுங்கள். இஹ் பின் நாஹ் மதுரை கெஃபாரன்.

"வைல்" போட்டுக் காரணம் சொன்னால் வினை நம்ம ஊர் மாதிரியே கடைசிக்குப் போய்விடும்: வைல் டேர் புஸ் நிஹ்ட் கெகோமன் இஸ்ட். பஸ் வராததால். வகுப்புக்கு லேட்டாகப் போகிற அன்றைக்கு முதலில் தேவைப்படுவது இதுதான், மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.