வெளிப்படுத்தின விசேஷத்தை முதல்முறை வாசிப்பவர்களுக்கு

சிறுவயதில் ஒரு கன்வென்ஷனில், இந்தப் புத்தகம் மிருகத்தின் எண் என்று சொல்லும் 666 பற்றிய பிரசங்கம் கேட்டுவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். அப்புறம் பல வருஷம் வேதாகமத்தின் இந்தக் கடைசிப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்று இப்போது தெரிகிறது. வாசிக்கிறவனைப் பாக்கியவான் என்று முதல் அதிகாரமே சொல்கிறது. ஒத்துவாக்கியம் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்பு) உள்ள வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முகவரியைப் பாருங்கள்

இது ஒரு கடிதம். பத்மு தீவிலிருந்த யோவான், இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த ஏழு சபைகளுக்கு எழுதியது. கி.பி. 95 வாக்கில், ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆண்ட காலத்தில் என்பது பெரும்பாலோர் கருத்து. ஒரு வரியைப் படித்ததும், "அந்தச் சபையார் இதை எப்படிக் கேட்டிருப்பார்கள்?" என்று முதலில் கேளுங்கள்.

படி 2: படம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். 13ஆம் அதிகாரத்தில் கடலிலிருந்து ஒரு மிருகம் ஏறி வருகிறது: சிறுத்தை உடல், கரடிக் கால், சிங்க வாய், ஏழு தலை, பத்துக் கொம்பு. இப்போது தானியேல் 7ஐத் திறவுங்கள். அங்கே சிங்கம், கரடி, சிறுத்தை, பெயரில்லாத ஒரு கொடிய மிருகம் என நான்கு. சிறுத்தைக்கு மட்டும் நான்கு தலை, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, கூட்டினால் ஏழு. பத்துக் கொம்பும் நான்காவதின் தலையிலேயே இருக்கின்றன. அந்த நான்கும் நான்கு ராஜாக்கள் என்று அந்த அதிகாரமே விளக்கம் தருகிறது. யோவான் நான்கையும் ஒரே உடலாக்கிக் காட்டுகிறார்: முந்தைய சாம்ராஜ்யங்களின் கொடுமை எல்லாம் சேர்ந்த ஒரு சாம்ராஜ்யம். முதன்முதலில் இதைப் பென்சிலால் கூட்டிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படி 3: புத்தகமே தரும் விளக்கத்தை முதலில் எடுங்கள்

குத்துவிளக்குகள் சபைகள் (1:20). ஏழு தலைகள் ஏழு மலைகள் (17:9). ஏழு குன்றுகளின் நகரம் என்றால் அன்றைக்கு ரோம் என்று யாருக்கும் தெரியும்.

படி 4: எண்களை நிதானமாகப் பாருங்கள்

42 மாதம், 1260 நாள், மூன்றரைக் காலம் (ஒரு காலம் என்றால் ஒரு வருஷம்) எல்லாம் ஒரே அளவுதான். மாதத்துக்கு 30 நாள் என்று பெருக்கிப் பாருங்கள். உபத்திரவத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதே அதன் செய்தி.

சரி, 666? நம் பழைய தமிழ் எண்களில் க ஒன்று, உ இரண்டு அல்லவா? எபிரெயத்திலும் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'நேரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்துகளில் எழுதினால் 50+200+6+50+100+60+200 = 666. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருக்கிறது. நேரோனின் கடைசி 'ன்' (50) போனால் அதுவும் சரியாக வருகிறது. சபைகளைத் துன்புறுத்திய ரோமப் பேரரசன் நீரோவைத்தான் இது குறிக்கிறது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

தேதி மட்டும் கணக்குப் போடாதீர்கள். வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று அமெரிக்காவில் காத்திருந்து மனம் உடைந்துபோனார்கள். அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 தெளிவாகவே சொல்கிறது.

படி 5: கேட்டதையும் கண்டதையும் தனித்தனியே குறியுங்கள்

5ஆம் அதிகாரத்தில், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயித்தது என்று யோவான் கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. சிங்கம் எப்படி ஜெயித்தது என்பதற்கு அந்த ஆட்டுக்குட்டிதான் பதில். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் 'கேட்டது', வலப்பக்கம் 'கண்டது' என்று எழுதுங்கள். அடுத்து 7ஆம் அதிகாரம். 4ஆம் வசனத்தில் கேட்ட 1,44,000 இடப்பக்கம். 9ஆம் வசனத்தில் என்ன கண்டார் என்று நீங்களே பார்த்து வலப்பக்கத்தை நிரப்புங்கள்.